வீட்டுக்கு வரும் பறவைகளுக்குத் தானியமா, தண்ணீரா, மரமா?

பறவைகளுக்கு வீட்டில் தீனி வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்டைச் சுற்றி இப்போ என்னென்ன பறவை வருது?" என்பதுதான். பெரும்பாலும் புறா, காக்கை என்று பதில் வரும். எந்தப் பறவை வரவேண்டும் என்று ஆசை என்று கேட்டால், சிட்டுக்குருவி என்பார்கள். இந்த இரண்டு பதிலும் ஒத்துப்போகாத வீட்டில் மாடியில் தானியம் இறைத்தால், ஆசைப்பட்ட பறவைக்கு ஒன்றும் கிடைக்காது. ஏற்கெனவே பெருகிக் கிடக்கும் பறவைதான் இன்னும் பெருகும்.

தீனி வைப்பது நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் பாதி வழிதான் போக முடியும். நம் முன்னால் வேறு வழிகளும் இருக்கின்றன. தானியம் போடலாம், காக்கைக்குச் சோறு வைக்கலாம், தண்ணீர் வைக்கலாம், கூடு மாட்டலாம், செடியும் மரமும் வளர்க்கலாம், ஒன்றுமே செய்யாமல் தொந்தரவு தராமல் இருக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு மரம் செடியும் தண்ணீரும்தான் சரி. தானியம் சில வீடுகளுக்கு மட்டும், அதுவும் அளவோடு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் தானியம் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

ஒரே தானியம், இரண்டு பறவைகள்

சிட்டுக்குருவியும் மாடப்புறாவும் கம்பு தின்னும், நொய்யரிசி தின்னும். பார்வைக்கு இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் குஞ்சு வளர்க்கும் விதத்தில் இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

புறா தான் தின்ற தீனியிலிருந்தே தன் கழுத்துப்பையில் பால் போன்ற ஒரு கெட்டியான சத்தைச் சுரக்கிறது. தாய், தகப்பன் இரண்டுமே சுரக்கும். குஞ்சு அதைக் குடித்து வளரும். அதாவது தானியம் கிடைத்தால் போதும், புறாவால் குஞ்சு வளர்த்துவிட முடியும். பூச்சி வேண்டாம், மழை வேண்டாம், மரம்கூட வேண்டாம். ஏசி பெட்டிக்குப் பின்னால் நாலு குச்சியை வைத்து இரண்டு முட்டை இடும். 18 நாள் போல அடைகாக்கும். குஞ்சுகள் ஒரு மாதத்தில் பறந்துவிடும். அதற்குள்ளேயே அடுத்த ஈடுக்குத் தயாராகிவிடும். நம் ஊரில் வருடம் முழுக்க இது நடக்கும்.

சிட்டுக்குருவியின் கதை வேறு. பெரிய குருவி தானியம் தின்னும், சரி. ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில நாள்களுக்குப் பூச்சியும் புழுவும்தான் வேண்டும். பச்சைப் புழு, அசுவினிப் பூச்சி, சிலந்தி, சின்ன வண்டு என்று நாள் முழுக்கத் தேடிக் கொண்டுவந்து ஊட்டும். நீங்கள் மூட்டை மூட்டையாகக் கம்பு கொட்டினாலும், சுற்றிலும் சிமென்ட் தரையும் மருந்தடித்த குரோட்டன்ஸ் செடியும்தான் இருக்கிறது என்றால் அந்தக் குஞ்சு பிழைக்காது. லண்டன் புறநகர்த் தோட்டங்களில் குருவிகளுக்குப் புழுவை வைத்துப் பார்த்தபோது கூட்டிலிருந்து பறந்த குஞ்சுகள் அதிகமாயின. ஆனால் அப்போதும் மொத்தக் குருவிகளின் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை. கூடு, பூச்சி, ஒளிய ஒரு புதர் எல்லாம் சேர்ந்து கிடைத்தால்தான் குருவி நிலைக்கும்.

ஆக, மாடியில் நாம் இறைக்கும் தானியம் புறாவுக்குக் குஞ்சாக மாறுகிறது, குருவிக்கு மாறுவதில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற முடிவுகள் தானாக வந்துவிடும்.

நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த தகவல்களை வைத்து 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை வெளியானது. கடந்த சில பத்தாண்டுகளில் நன்றாகப் பெருகிய பறவைகளில் மாடப்புறா முன்வரிசையில் இருக்கிறது. மயிலும் குயிலும் கூடத்தான். பழைய 2020 அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. நாடு முழுவதும் பார்த்தால் குருவி அப்படியே நிலையாகத்தான் இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்துகொண்டே போகிறது. கிராமத்திலும் சிறு ஊர்களிலும் இருக்கும் குருவி நகரத்தில் ஏன் இல்லை என்பதற்குப் பதில், நகரத்தில் நம் வீடுகள் மாறிய விதத்தில் இருக்கிறது. ஓட்டு வீட்டின் உத்திரம் போய்விட்டது. அரிசி புடைக்கும் முறம் போய்விட்டது. மளிகைக் கடை வாசலில் திறந்து வைத்த சாக்கு மூட்டைகள் பாக்கெட்டுகளாகிவிட்டன. வேலியோரப் புதர்கள் மதிலாகிவிட்டன.

புறா பெருகினால் என்ன, அதுவும் உயிர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புறா மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் புறா எச்சமும் இறகுத் தூசியும் நாள்பட நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு ஒவ்வாமை வகையில் கடுமையான நுரையீரல் அழற்சி வரும். முதலில் வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குவது என்று ஆரம்பிக்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும், அதைத் திரும்பச் சரி செய்ய முடியாது. தீனி வைப்பவர் மூன்றாம் மாடியில் இருப்பார், எச்சம் விழுவது இரண்டாம் மாடியில் துணி காயப்போடும் இடத்தில். புண்ணியம் ஒருவருக்கும் இருமல் இன்னொருவருக்கும் போவது நியாயம் இல்லை.

மும்பையில் இந்தச் சண்டை தெருவுக்கே வந்தது. 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு நகரத்தில் உள்ள 51 புறாத் தீவன இடங்களை மூடச் சொன்னது. ஆகஸ்டில் தாதரில் இருந்த பழைய இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். புறாவுக்குத் தீனி இடுவதை அறமாகக் கருதும் சமூகத்தினர் திரண்டு போராடினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் மக்களின் உடல்நலத்தையே முதலில் வைத்தது. சிங்கப்பூரில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 2020-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்கும் புறாவுக்கும் தீனி வைப்பதே குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், வீட்டுத் தொகுதியின் கீழ்த்தளத்தில் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்திருப்பார்கள்.

வெளிநாட்டு அறிவுரை நமக்கு எவ்வளவு பொருந்தும்?

தீனி வைப்பதற்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பிரிட்டனை உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஏறக்குறைய பாதி வீடுகளில் பறவைத் தீனி வைக்கிறார்கள். அதனால் பலன் அடைந்த பறவைகளும் உண்டு. கோல்டுஃபிஞ்ச் என்ற அழகான சிறு பறவை 1972-இல் 8 சதவீதத் தோட்டத் தீவனத் தட்டுகளில்தான் தென்பட்டது, 40 ஆண்டுகளில் அது 87 சதவீதமானது. பனிக்காலத்தில் தரை உறைந்து, பூச்சி செத்து, பகல் சுருங்கிப்போகும் நாட்டில் ஒரு பிடி விதை ஒரு பறவையின் உயிரைக் காப்பாற்றும். அதில் சந்தேகமே இல்லை.

நமக்கு அப்படி ஒரு பனிக்காலம் கிடையாது. மார்கழியில் நம் கொல்லையில் பூச்சி இருக்கும், பழம் இருக்கும், புல் விதை இருக்கும். நம் பறவைகள் தவிப்பது சித்திரை, வைகாசியில், அதுவும் தண்ணீருக்கு. பிரிட்டனின் பதிலை எடுத்து நம் கேள்விக்கு ஒட்ட முடியாது.

பிரிட்டனிலேயே இதன் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. 2005 வாக்கில் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளிடம் ஒரு ஒட்டுண்ணி நோய் பரவ ஆரம்பித்தது. தொண்டையில் புண் வந்து விழுங்க முடியாமல் போகும். நோயுற்ற பறவை தீவனத் தட்டில் எச்சிலோடு துப்பிய விதையை அடுத்த பறவை தின்னும். 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் சில ஆண்டுகளில் 28 லட்சமாகச் சரிந்தது. அந்த நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025-இல் தட்டையான தீவன மேசைகளை விற்பதை நிறுத்தி வைத்தது. தட்டையான மேசை என்றால் நம் மாடிக் கைப்பிடிச் சுவரும் அதே கதைதான். நூறு பறவை ஒரே இடத்தில் தின்று, அங்கேயே எச்சமிட்டு, மறுநாள் கழுவாமல் அதன் மேலேயே தானியம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2020 டிசம்பர் கடைசியிலும் 2021 ஜனவரியிலும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பகுதிகளில் காக்கைகள் பறவைக் காய்ச்சலில் கூட்டமாகச் செத்து விழுந்தது நினைவிருக்கும். அப்படிச் செய்தி வரும் காலத்தில் எந்த வீட்டிலும் தீனி கூடாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்த ஒரு சோதனைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சில வீட்டுத் தோட்டங்களில் ஒன்றரை வருடம் தினமும் ரொட்டியும் விதையும் போட்டார்கள், வேறு சில தோட்டங்களில் ஒன்றும் போடவில்லை. போட்ட தோட்டங்களில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய புள்ளிப்புறாவும் சிட்டுக்குருவியும் இரண்டு மடங்குக்கும் மேல் கூடின. அந்த மண்ணுக்கே உரிய, பூச்சி தின்னும் ஒரு சின்னஞ்சிறு கதிர்க்குருவி வகை குறைந்துபோனது. தீனியை நிறுத்தியதும் நிலைமை பழையபடி திரும்ப ஆரம்பித்தது. 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. நம் ஊரில் சிட்டுக்குருவி சொந்தப் பறவை, அங்கே அந்நியப் பறவை. ஆனால் நடந்தது என்னவோ ஒன்றுதான்: ரொட்டியும் தானியமும் தின்னும் பறவைகளுக்குக் கை கொடுத்தால், பூச்சி தின்னும் பறவைகளின் இடம் சுருங்குகிறது. நம் கொல்லைகளில் அப்படி இடம் சுருங்குவது தையல்சிட்டுக்கும் கதிர்க்குருவிக்கும்தான்.

காக்கைக்கு வைக்கும் சோறு

இதை நான் தானியத்தோடு சேர்க்க மாட்டேன். அமாவாசைக்கும் திவசத்துக்கும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவதும், கனுப் பொங்கலன்று மஞ்சள் இலையில் மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் உருண்டை பிடித்து மாடியில் வைப்பதும் நம் வீட்டின் ஒரு பகுதி. யாரும் நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. எப்போதாவது ஒரு பிடி சோற்றால் ஊரின் காக்கைக் கணக்கு மாறிவிடாது.

எங்கள் தெருவில் மாடி வீட்டுப் பெரியம்மா ஒருமுறை கேட்டார்: "ஏம்ப்பா, இனிமே காக்காவுக்கு வைக்கிறதே தப்புன்னு சொல்றியா?" "அமாவாசைக்கு வையுங்க பெரியம்மா. தினமும் மீந்ததை எல்லாம் மதில் மேல கொட்டுறதுதான் பிரச்சினை" என்றேன். அந்த மதிலை ஒட்டித்தான் செம்பருத்திப் புதர் இருந்தது. அதில் ஒரு ஜோடிச் சின்னான் (கொண்டைக்குருவி) கூடு கட்டியிருந்தது, சின்னக் கிண்ணம் மாதிரி. மத்தியானம் சோற்றுக்காகக் காத்திருக்கும் காக்கைகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்கும். சின்னான் வாயில் புழுவோடு எந்தக் கிளைக்குள் நுழைகிறது என்று அவை கவனிக்காமல் இருக்குமா? குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே கூடு காலியாகிவிட்டது.

காக்கை முட்டையும் குஞ்சும் தின்பது அதன் இயல்பு. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருபது காக்கைகளை நாமே வரவழைத்துக் காவலுக்கு உட்கார வைப்பது வேறு. அதனால் சோறு வைப்பதாக இருந்தால் புதர், மரம் இருக்கும் பக்கம் வேண்டாம், மொட்டைமாடியின் வெறும் பக்கமாக வையுங்கள். உப்பு போடாத வெறும் சோறு போதும். மிக்சர், முறுக்கு, ஊறுகாய் பட்ட சோறு, பிரட் எதுவும் வேண்டாம். பறவையின் சிறுநீரகத்துக்கு உப்பு ஆகாது. மீந்ததைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். ராத்திரியில் அது எலிக்கான சாப்பாடு. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் என்பது புறநகரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர்

யாருக்கும் யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒன்று இது. கத்திரி வெயிலில் குளம் குட்டை வற்றி, கிணறு மூடி போட்டுக் கிடக்கும் நகரத்தில் பறவைக்குத் தண்ணீர் கிடைப்பதே அரிது. பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். அதில் உடம்பின் தண்ணீர் வேகமாகப் போகும். தண்ணீர் வைத்தால் வருவது புறா மட்டும் அல்ல என்பதும் ஒரு பெரிய ஆறுதல். பூச்சி தின்பது, பழம் தின்பது, தேன் குடிப்பது என்று எல்லா வகையும் வரும். தையல்சிட்டு தட்டின் ஓரத்தில் நின்று இறக்கையைப் படபடவென்று அடித்துக் குளிப்பதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் தட்டை எடுக்கவே மாட்டார்கள்.

அகலமான மண் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரற்கடை ஆழம் போதும். ஆழமான வாளி, டப் எதுவும் வேண்டாம், சின்னப் பறவை விழுந்து செத்துப்போகும். நடுவில் சொரசொரப்பான ஒரு கல்லை வைத்தால் நின்று குடிக்கும். எவர்சில்வர் பாத்திரம் வெயிலில் கொதிக்கும், நிழலில் வைக்கும் மண் தட்டுதான் நல்லது. பூனை பதுங்கிப் பாய முடியாத அளவுக்குப் புதரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

டெங்கு பயம் நியாயமானதுதான், அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே தினமும் தண்ணீர் மாற்றுகிற வீட்டில் அது கொசுவாகவே முடியாது. ஆனால் வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் போதாது. அந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் பல மாதம் தாங்கும், மறுபடி நனைந்தால் பொரிந்துவிடும். தேங்காய் நாரால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

கூடுப் பெட்டி

அக்கம்பக்கத்தில் குருவி இருந்தால் மாட்டலாம். இல்லாத இடத்தில் மாட்டினால் வெறுமனேதான் தொங்கும். நுழையும் ஓட்டை 32 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் குருவி போகும், மைனா போகாது. ஓட்டைக்கு முன்னால் அலங்காரக் குச்சி வைக்காதீர்கள், அது காக்கைக்கும் வேட்டைப் பறவைக்கும் உட்காரும் இடமாகிவிடும். வெயில் நேராகப் படாத சுவர், மின்விசிறிக்கு எட்டாத தூரம். அவ்வளவுதான்.

கொல்லையிலேயே தீனியை வளர்ப்பது

தீனி வைக்கலாமா என்ற கேள்விக்கு என் மனதார்ந்த பதில் இதுதான்: வையுங்கள், ஆனால் செடியாகவும் மரமாகவும் வையுங்கள். மரத்தில் தீனி ஒரே தட்டில் குவிந்து கிடப்பதில்லை. கிளை கிளையாகப் பரவி இருக்கும், அதனால் நோய் ஒட்டாது. பருவத்துக்குப் பருவம் மாறும். புறா பெருகாது. முக்கியமாக, தட்டில் நம்மால் வைக்க முடியாத பூச்சியையும் புழுவையும் மரம் வைக்கும்.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனால் ஒடித்துக்கொண்டே இருப்பதால் பூக்க விடுவதில்லை. ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்தால் கருநீலமாகப் பழம் பழுக்கும். அந்தச் சமயத்தில் குயிலும் சின்னானும் எங்கிருந்துதான் வருமோ, விடிந்ததும் மரத்தில் இருக்கும். வேம்பு பழுக்கும் ஆனி, ஆடியில் மைனா, குயில், சின்னான், காக்கை எல்லாம் ஒரே மரத்தில். நெட்டிலிங்கப் பழம் குயிலுக்கு உயிர். கொடுக்காப்புளிக் காய் வெடித்தால் கிளிகள் வந்துவிடும். இட்லிப் பூவும் செம்பருத்தியும் தேன்சிட்டுக்கு. முருங்கை பூத்தால் தேன்சிட்டு காலையிலிருந்தே பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருக்கும்.

முருங்கையில் கம்பளிப்புழு வரும் என்றுதான் பலரும் பயந்து மரத்தையே வெட்டுகிறார்கள். மழைக்குப் பிறகு அடிமரத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும், பட்டால் அரிக்கும், உண்மைதான். ஆனால் நம் வீட்டு மற்றப் பறவைகள் தொடப் பயப்படும் அந்த மயிர் அடர்ந்த புழுவை ஆசையாகத் தின்பவை குயில் இனப் பறவைகள். தலையில் கொண்டையும் கறுப்பு வெள்ளை உடம்புமாக மழைக்காலத்தை ஒட்டி வரும் சுடலைக்குயில் கம்பளிப்புழுவைப் பிடித்தால் விடாது. மருந்தடித்துவிட்டுக் குயில் கூவவில்லையே என்று வருத்தப்பட்டு என்ன பயன்? குழந்தைகள் விளையாடும் உயரத்தில் இருக்கும் புழுவை மட்டும் துடைப்பத்தால் தட்டி அப்புறப்படுத்துங்கள், மேலே இருப்பதை விட்டுவிடுங்கள்.

சருகையும் சொல்ல வேண்டும். வாசல், நடைபாதை எல்லாம் கூட்டுங்கள். கொல்லை மூலையில் மரத்தடியில் விழும் சருகை மட்டும் எரிக்காமல் அப்படியே விடுங்கள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூட்டமாக வந்து இறங்கும். கீச்சு மூச்சென்று ஒன்றோடொன்று பேசிக்கொண்டே, அலகால் ஒவ்வொரு சருகாகப் பிடித்து ஓரமாகத் தூக்கிப் போட்டு அடியில் இருக்கும் கரையானையும் வண்டையும் பொறுக்கும். ஒன்று மட்டும் தாழ்ந்த கிளையில் காவலுக்கு நிற்கும், வல்லூறு நிழல் தெரிந்தால் கத்தும், மற்றவை புதருக்குள் பாயும். இந்தப் பறவையைக் கம்பு போட்டு இப்படி வரவழைக்க முடியாது. சருகுக்குத் தீ வைக்காமல் இருந்தால் போதும்.

மரம் வைப்பதில் குறை இல்லாமலும் இல்லை. காலம் பிடிக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு முடியாது. வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் போகும், சருகு பக்கத்து வீட்டு மாடியில் விழும், அங்கேயும் பேச்சு வார்த்தை வேண்டும். அத்தி, ஆல், அரசு போன்றவை பறவைக்கு அற்புதமான மரங்கள், ஆனால் சுவரோரமாக வைத்தால் சுவரைப் பிளந்துவிடும். அரை சென்ட் கொல்லைக்கு ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி போதும். தொட்டியில் என்றால் இட்லிப் பூவும் துளசியும். துளசி பூத்துக் காயும்போது கதிரை வெட்டாமல் விட்டால் சில்லை என்னும் குட்டிப் பறவைகள் விதைக்கு வந்து தொங்கும்.

ஒன்றும் வைக்காமல் இருப்பதும் ஒரு வழி

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் காலம் அது. ஒரு பிடி தீனி வைத்ததில்லை, ஆனால் அந்த ஊரைப் போல் பறவைக்குச் செய்தவர்கள் குறைவு. அதே மாவட்டத்தில் பொத்தகுடியில் 2020-இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கைப் போடாமல் இருந்தது. இந்த மாதிரியான அன்பு நகரத்து வீட்டிலும் சாத்தியம். பூனையை ராத்திரியிலும் விடிகாலையிலும் வெளியே விடாமல் இருப்பது, பெரிய கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடுவது, மாஞ்சா நூலைக் கண்டால் அறுத்துக் குப்பையில் போடுவது, ஆடி மாதம் கிளை வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது.

எந்த வீட்டுக்கு எது?

தனி வீடு, கொஞ்சம் மண் தரை, சுற்றுவட்டாரத்தில் சிட்டுக்குருவி இன்னும் இருக்கிறது, புறாத் தொல்லை இல்லை என்றால், தானியம் வைக்கலாம். தரையிலோ சுவரிலோ இறைக்காமல், நெற்கதிரையோ தினைக்கதிரையோ கொத்தாகக் கட்டி வாசல் தாழ்வாரத்தில் தொங்க விடுங்கள். இது நம்மவர்கள் முன்பே செய்துகொண்டிருந்ததுதான். குருவியும் சில்லையும் ஆடும் கதிரைப் பற்றிக்கொண்டு தின்னும், புறாவால் அப்படித் தொங்க முடியாது. கதிர் கிடைக்கவில்லை என்றால் பிவிசி குழாயில் சின்ன ஓட்டை போட்டுக் குச்சி செருகி மாட்டுங்கள். அன்றைக்குத் தின்று தீரும் அளவு மட்டும் நிரப்புங்கள், வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் காய வையுங்கள். பழைய வேர்க்கடலை, பூஞ்சை பிடித்த தானியம் எதையும் "பறவைதானே" என்று கொட்டாதீர்கள், அந்தப் பூஞ்சை நஞ்சு பறவையைக் கொல்லும். மயில் வரும் ஊர்ப்பக்க வீடுகளில் தானியமே வேண்டாம். வீட்டோடு பழகிய மயில் அடுத்தவர் நிலக்கடலைக் காட்டுக்கும் போகும், அந்த விவசாயி என்ன செய்வார் பாவம்.

தனி வீடுதான், ஆனால் புறா ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் தானியத்தை விட்டுவிட்டு மரமும் தண்ணீரும். கிளிகளுக்காக ஊறவைத்த அரிசி வைப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் கிளி வந்து இறங்கும் மாடிகளும் உண்டு. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், அந்த அர்ப்பணிப்பை மதிக்கிறேன். ஆனால் அது தினமும் இரண்டு வேளை, வருடம் முழுக்க, கழுவித் துடைத்துச் செய்யும் முழுநேர வேலை. ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தாலோ வீடு மாறினாலோ அத்தனை பறவையும் திண்டாடும். அதைத் தாங்குவோம் என்ற உறுதி இல்லாதவர்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

அடுக்குமாடி என்றால் பால்கனியில் ஒரு மண் தட்டுத் தண்ணீர், இரண்டு தொட்டிச் செடி. தண்ணீருக்கும் புறாவே கூட்டமாக வந்தால் தட்டை எடுத்துவிட்டு, குடியிருப்பின் பொது இடத்தில் மரத்தடியில் வைக்கச் சொல்லி சங்கத்தில் கேளுங்கள். பல வருடமாகத் தானியம் போட்டுப் பழக்கியவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போடும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே வாருங்கள். நகரத்துப் புறாவுக்கு வேறு இரை தேடத் தெரியும். ஏசி பெட்டிக்குப் பின்னால் முட்டையோ குஞ்சோ இருந்தால் பறந்து போகும்வரை ஒரு மாதம் பொறுத்திருந்து, அதற்கப்புறம் முகமூடி போட்டு, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் தூசி நேராக மூச்சுக்குள் போகும். சுத்தம் செய்த அன்றைக்கே வலை அடித்துவிடுங்கள்.